இளம்பிள்ளை லைவும் வரப்போகும் கண்ணாடியும்

கஞ்சமலைக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளையில் சாயங்காலம் ஆனால் சேலைக் கடைகளில் இரண்டு வியாபாரம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, வேன் வைத்துக் குடும்பத்தோடு கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களுக்கு. இன்னொன்று உள்ளறையில், வட்ட விளக்குக்கு முன்னால், எங்கெங்கோ கைப்பேசியில் லைவ் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. “வணக்கம் சிஸ்டர்ஸ், இது சாஃப்ட் சில்க். ரிச் முந்தி, கான்ட்ராஸ்ட் பிளவுஸ் வருது. இந்தக் கலர் சிங்கிள் பீஸ்தான் இருக்கு. வேணுங்கறவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணிடுங்க” என்று சொல்லும் பெண், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சேலையைத் தோளில் போட்டுவிடுகிறார். பக்கத்தில் ஒருவர் எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். மூன்றாமவர் கைப்பேசியில் வந்து விழும் ஆர்டர்களை நோட்டில் குறித்துக்கொண்டே இருக்கிறார்.

சேலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரின் சேலை ஒரு காலத்தில் மொத்த வியாபாரி, பெருநகரக் கடை, விளம்பரம் என்று பல கை மாறித்தான் உடுத்துபவரிடம் போய்ச் சேர்ந்தது. இன்று வீட்டிலிருந்தபடி மறுவிற்பனை செய்யும் பெண்கள், இதே லைவைப் பார்த்து, தங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, சேலைக்கு ஐம்பதோ நூறோ சம்பாதிக்கிறார்கள். கடை வாடகை இல்லை, முதலீடு இல்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எந்த அரசுத் திட்டமும் போட்டுக்கொடுக்காத பாதையை இந்த ஊர் தானே போட்டுக்கொண்டது.

ஆனால், கேமரா இதுவரை விற்பவரின் முன்னால்தான் நிற்கிறது. நெய்தவர் அதில் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கேமரா நெய்பவரின் கண்ணுக்கே வரப்போகிறது, மூக்குக் கண்ணாடியின் வடிவத்தில். அது வருவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு இந்தச் சீமை பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: தொழிலாளியின் கண் வழியாகப் பதிவாகும் தொழில் யாருக்குச் சொந்தம்?

முதலில் இருப்பதைச் சரியாகச் செய்வதைப் பற்றிப் பேசிவிடலாம். லைவ் ஒளிபரப்புக்கான மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. ஹ்யூ பெய்லி என்ற நிரலாளர் 2012இல் தொடங்கிய ஓபிஎஸ் ஸ்டுடியோ இன்றும் இலவசம். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை, படத்தின் மூலையில் விளம்பர முத்திரை விழாது. ஒரு சாதாரண மடிக்கணினியில் அதைப் போட்டால், இரண்டு மூன்று கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டலாம். சேலை எண்ணையும் விலையையும் திரையிலேயே ஓடவிடலாம். அட்டையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டாம்.

லைவில் வாங்குபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், “கலர் வேற மாதிரி வந்திருக்கு” என்பது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வாங்கியவர் நினைக்கிறார். வாங்கியவர் சாக்கு சொல்கிறார் என்று கடைக்காரர் நினைக்கிறார். பல நேரம் தவறு இருவர் மீதும் இல்லை. கைப்பேசிக் கேமரா எது வெள்ளை என்பதைத் தானாகவே ஊகிக்கிறது. அரக்கு நிறச் சேலை திரையை நிறைத்ததும் அந்த ஊகம் ஒரு பக்கம் சாய்கிறது. அடுத்து ராமர் பச்சை வந்ததும் மறுபக்கம் சாய்கிறது. ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அமைப்பைப் பூட்டிவிட்டு லைவைத் தொடங்கினால், எம்.எஸ். ப்ளூ எம்.எஸ். ப்ளூவாகவே போய்ச் சேரும். அடுத்து விளக்கு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால், மலிவு எல்இடி குழல்விளக்கால் படத்தில் ஓடும் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இணையத்தில் போகும் காணொளி, வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்புகிறது. நிறத்தையோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்றுதான் அனுப்புகிறது. முகத்துக்கும் நிலக்காட்சிக்கும் இது போதும், கண் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காது. சிவப்புப் பாவில் பச்சை ஊடை ஓடிய பொடிக்கட்டத்துக்கு இது போதாது. இரண்டு நிறமும் கலங்கி ஒரு பழுப்பாகத்தான் தெரியும். நெசவாளி கண் வலிக்கச் செய்த நுட்பம் கம்பியில் போகும்போதே காணாமல் போகிறது. அதனால்தான் கரையையும் முந்தியையும் கிட்டக் காட்ட இரண்டாவது கேமரா வேண்டும் என்கிறேன். நுணுக்கமான நெசவுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டுமானால், அந்த நுணுக்கம் திரையில் தெரிய வேண்டும்.

சேலத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஊரின் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அதன் தயாரிப்பாக 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். படச்சுருளில் நிறம் எப்படி விழும் என்று கவலைப்பட்ட கலைஞர்கள் நடமாடிய ஊரில், இன்று நிறத்துக்காகச் சேலை திரும்பி வருகிறதென்றால் அது பயிற்சியின் குறைதான்.

தாமதமும் ஒரு சிக்கல். கடையில் விரித்த சேலை பார்ப்பவர் திரைக்கு வரப் பல விநாடிகள் ஆகின்றன. யூடியூபில் மிகக் குறைந்த தாமதம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலானோருக்கு இது 5 விநாடிக்குள் வந்துவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை. சிங்கிள் பீஸ் சேலைக்கு முதல் ஸ்கிரீன்ஷாட் யாருடையது என்ற சண்டையில், நல்ல இணைப்பு உள்ள நகரத்துக்காரர் ஜெயிப்பார். சிக்னல் தேடி மாடிக்கு ஏறும் கிராமத்துப் பெண் தோற்பார்.

“பார்சல் பிரிக்கும்போது ஓப்பனிங் வீடியோ கட்டாயம், இல்லையென்றால் ரிட்டர்ன் கிடையாது” என்ற அறிவிப்பையும் பார்க்கிறோம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. வாங்குபவரை வீடியோ எடுக்கச் சொல்லும் கடைகள், தாங்களும் ஒன்றைக் காட்ட வேண்டும். கைத்தறி என்று சொல்லி விற்றால் 2006இல் வந்த கைத்தறி முத்திரையைக் காட்டுங்கள். பட்டு என்றால் 2004இல் வந்த சில்க் மார்க் சீட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். விசைத்தறிச் சேலை விசைத்தறிச் சேலையாகவே அழகானது, அதை அப்படியே சொல்லி விற்பதில் வெட்கம் எதுவும் இல்லை. பொய்யாகக் கைத்தறி என்னும்போது, சேலத்தின் குழித்தறிகளில் மிச்சமிருக்கும் நெசவாளியின் சோற்றில் கை வைக்கிறோம்.

இந்த வியாபாரம் முழுவதும் பிறருடைய நிலத்தில் போட்ட பந்தல் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு ஒரே இரவில் தடை செய்தது. பேஸ்புக் தன் லைவ் ஷாப்பிங் வசதியை 2022 அக்டோபர் 1இல் நிறுத்தியது. சாதாரண லைவ் இருந்தாலும், பொருட்களை வரிசைப்படுத்திக் காட்டும் வசதி போய்விட்டது. வாடிக்கையாளர் பட்டியலைத் தன் கையில் வைத்திருக்கும் கடைதான் இத்தகைய அறிவிப்புகளைத் தாண்டி நிற்கும்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். தலையில் மாட்டிய திரையில் கணினிப் படத்தைப் பார்க்கும் கருவியை ஐவன் சதர்லேண்ட் 1968இலேயே செய்து காட்டினார். அது மேற்கூரையிலிருந்து தொங்கும் கனமான பொறி. 1990களின் நடுவில், அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த ஸ்டீவ் மேன் தன் தலையில் அணிந்த கேமராவின் காட்சியை இணையத்தில் நேரலையாக விட்டார். கூகுள் கிளாஸ் 2013இல் 1,500 டாலருக்கு வந்து, பொதுமக்களுக்கான விற்பனை 2015 ஜனவரியில் நின்றது. தொழிற்சாலைகளுக்கான பதிப்பும் 2023 மார்ச்சில் முடிந்தது. ஆனால் அதற்குள் ஒரு நல்ல பயனைத் தமிழ்நாடே பார்த்துவிட்டது. 2013 செப்டம்பரில் சென்னை லைஃப்லைன் மருத்துவமனையின் ஜே.எஸ்.ராஜ்குமார் கூகுள் கிளாஸ் அணிந்து அறுவை சிகிச்சையை நேரலையாகக் காட்டினார். இரு கையும் வேலையில் இருக்க, கண் பார்ப்பதை மாணவர்களும் பார்த்தார்கள்.

இரு கையும் வேலையில் இருக்கும் தொழில்கள்தான் இந்தச் சேலம்-நாமக்கல் சீமை முழுக்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வடக்கே ஏதோ ஒரு காட்டில் கம்ப்ரசர் மக்கர் செய்தால், ஊரில் இருக்கும் மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப் வீடியோ காலில்தான் காட்டுகிறார்கள். ஒரு கையில் ஸ்பேனர். கைப்பேசியை எண்ணெய்க் கையால் இன்னொருவர் பிடிக்க வேண்டும். “இங்க இல்லப்பா, அதுக்குக் கீழ, கொஞ்சம் லெஃப்ட்ல காட்டு” என்று அரை மணி நேரம் போகிறது. கேமரா கண்ணிலேயே இருந்து, மெக்கானிக் அனுப்பும் அம்புக்குறி கண்முன்னே தெரிந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் வெளியாட்கள் உள்ளே நுழைவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நோய்ப் பரவலும் குறையும். பண்ணை ஆள் அணிந்த கண்ணாடி வழியாக, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஒருவர் கூண்டு வரிசையைப் பார்த்துவிடலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆசை தறியின் மேல்தான். நெசவைப் படம் எடுக்கும் காணொளிகளில் கேமரா எப்போதும் எதிரே நிற்கிறது. கற்றுக்கொள்பவருக்கு வலது இடதாகவும் இடது வலதாகவும் தெரிகிறது. அறுந்த பாவு நூலை எந்த விரலால் தேடி, எந்தப் பக்கம் முறுக்கி, அச்சில் எப்படி ஓட்டிச் சேர்ப்பது என்பதை நெசவாளியின் கண் இருக்கும் இடத்திலிருந்துதான் சரியாகக் காட்ட முடியும். அப்பா நெய்வதைத் தோள்மேல் எட்டிப் பார்த்துக் கற்ற பிள்ளைகள் இன்று வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தேவாங்கரும் சௌராஷ்டிரரும் செங்குந்தரும் தலைமுறையாகக் கைவசம் வைத்திருக்கும் இந்த அறிவு, எழுத்தில் இல்லை. கண் வழியாகப் பதிவு செய்தால் மட்டுமே மிஞ்சும்.

இந்தியாவில் கேமரா வைத்த மெட்டாவின் ரே-பேன் கண்ணாடி 2025 மே மாதம் 29,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தே இன்ஸ்டாகிராமுக்கு நேரலை விடலாம். வலது கண் வில்லையில் சிறு திரையும் உள்ள அடுத்த வகையை அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு அறிவித்தார்கள். ஜியோவும் தன் கண்ணாடியை 2025 ஆகஸ்டில் அறிமுகம் செய்திருக்கிறது. விலை இறங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், இவற்றில் எதுவும் நாமக்கல் மாவட்டப் பள்ளிபாளையத்தின் தறிக்கூடத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. விசைத்தறிச் சத்தத்தில் குரல் கட்டளை எடுபடாது. பஞ்சுத் தூசி வில்லையை மூடும். வெள்ளெழுத்து வந்த நாற்பது வயது நெசவாளிக்கு, கையருகே இருக்கும் நூலுக்கும் எட்ட மிதக்கும் எழுத்துக்கும் கண் மாறி மாறி ஓடினால் தலைவலி வரும். லைவ் ஓடும்போது பேட்டரி ஒரு ஷிப்டுக்கு நிற்காது. இங்கே இருக்கும் பொறியியல் கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்கு இதைவிட நல்ல திட்டப்பணியைத் தேடிக் கொடுக்க முடியாது.

இப்போது கரூருக்கு வாருங்கள். காவிரியைத் தாண்டினால் நாமக்கல்லுக்கு அடுத்த மாவட்டம். அங்கே ஒரு நிறுவனத்தில் இளைஞர்கள் நெற்றியில் சிறு கேமராவைக் கட்டிக்கொண்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடிக்கிறார்கள். அந்தக் காணொளி மனித உருவ ரோபோக்களுக்கு மடிக்கக் கற்றுத்தரப் போகிறது. 2025 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. அது சட்டத்துக்கு உட்பட்ட வேலைதான், சம்பளமும் உண்டு. மடிப்பதற்காகவே சேர்ந்த வேலை என்பதால், செய்பவருக்குத் தான் எதை விற்கிறோம் என்று தெரியும்.

தறிக்கூடத்தில் அப்படி இருக்காது. “வேலை சரியா நடக்குதான்னு பார்க்கத்தான்” என்று சொல்லி முதலாளி கண்ணாடியைக் கொடுப்பார். நூல் அறுந்து நின்ற நேரம், தண்ணீர் குடிக்கப் போன நேரம், பக்கத்துத் தறிக்காரரோடு பேசிய நேரம் எல்லாம் கணக்கில் ஏறும். அதோடு, அந்தக் கைகள் முப்பது வருடத்தில் கற்றதும் ஒரு கணினிக்குள் போய்ச் சேரும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளிக்கு, தன் கையின் அறிவுக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை என்பதுகூடத் தெரியாது. நாமக்கல் மாவட்ட விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் இருப்பது ஊரறிந்தது. முன்பணம் அடைபடாத ஒருவரால் “கண்ணாடி போட மாட்டேன்” என்று சொல்ல முடியுமா? கடனில் நிற்பவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

சட்டம் இங்கே பாதி தூரம்தான் வருகிறது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அது முகத்தையும் பெயரையும் காக்கும். முகத்தை மறைத்துவிட்டு, பத்து விரல்களை மட்டும் எடுத்துக்கொண்டால்? யாருடைய விரல் என்று சொல்ல முடியாத அந்தக் காணொளியைத் தனிநபர் தரவே இல்லை என்று வாதாட முடியும். தொழில் நுணுக்கம் சட்டத்தின் கையிலிருந்து நழுவிவிடும். புவிசார் குறியீடும் இதைக் காப்பாற்றாது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த குறியீடு அந்தப் பெயரைக் காக்கிறது. செய்முறையைப் படம் பிடித்துப் போவதைத் தடுக்காது.

கண்ணாடி அணியாதவர்களின் கவலையும் நியாயமானது. 2024இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், மெட்டாவின் ரே-பேன் கண்ணாடியிலிருந்து இன்ஸ்டாகிராமுக்கு விட்ட நேரலையை முகத்தேடல் மென்பொருளோடு இணைத்து, எதிரே வரும் முன்பின் தெரியாதவரின் பெயர், முகவரி வரை எடுத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகவே அப்படிச் செய்தார்கள். சேலைக் கடைக்கு வரும் பெண்கள் தோளில் துணி வைத்துப் பார்ப்பதை, கண்ணாடி அணிந்த விற்பனையாளர் லைவில் விடலாம் என்ற நிலை வரக் கூடாது. பதிவு நடக்கும்போது கண்ணாடி மூலையில் எரியும் சிறு வெள்ளை விளக்கு மட்டும் இதற்குப் போதாது. கடை வாசலில் தமிழில் பெரிதாக எழுதிய பலகை வேண்டும். உடை மாற்றும் அறை இருக்கும் தளத்துக்குள் இத்தகைய கண்ணாடி வரவே கூடாது. பெண்களின் அந்தரங்கத்தை ஒளிந்து படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் குற்றம் என்பதைக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. நூலையும் சாயத்தையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்றுத்தரும் அந்த நிறுவனம், இளம்பிள்ளைக் கடைகளின் பெண்களுக்கு லைவ் ஒளிபரப்பைக் கற்றுத்தரும் ஒரு குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். நெசவாளியின் கண் வழியாக நெசவைப் பதிவு செய்யும் வேலையையும் அதுவே முன்னின்று செய்யட்டும். அந்தப் பதிவுகள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் இருக்க வேண்டும். வெளியார் எடுத்தால் சங்கத்துக்குப் பணம் வர வேண்டும், நெய்தவரின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறித் தொழிற்சங்கங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த முறை கூலி உயர்வுக்காக முதலாளிகளோடு உட்காரும்போது, சதவீதத்தோடு சேர்த்து இந்த ஒரு ஷரத்தையும் கேளுங்கள்: தொழிலாளி அணிந்த கேமராவின் பதிவு, அவருடைய எழுத்துப்பூர்வமான, முன்பணத்தோடு சம்பந்தப்படாத ஒப்புதல் இல்லாமல் தறிக்கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் அதற்குத் தனிக் கூலி. கண்ணாடி இன்னும் உள்ளே வரவில்லை. இப்போது கேட்டால்தான் கிடைக்கும்.